ஒன்றல்ல, இரண்டு கிளாஸ்: கிராஃப்ட் பீர் ருசித்துப் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

ஒருவரிடம் ஒரு கிளாஸ் பீரைக் கொடுத்துவிட்டு "எப்படி இருக்கு?" என்று கேட்டால் பெரும்பாலும் மூன்றில் ஒரு பதில்தான் வரும்: நல்லா இருக்கு, கசக்குது, பரவாயில்லை. அதே ஆளுக்கு இன்னொரு பீரையும் பக்கத்தில் ஊற்றி வைத்து, மாறி மாறி ஒவ்வொரு வாய் குடிக்கச் சொல்லுங்கள். "இதுல எலுமிச்சைத் தோல் வாசனை வருது, அதுல ரொட்டி வாசனை. இது நாக்குல ஒட்டுது, அது சட்டுன்னு வறண்டுடுது" என்று அவராகவே பேச ஆரம்பித்துவிடுவார். நாக்கு அதே நாக்குதான். ஒப்பிட ஒன்று கிடைத்ததும் அதற்குப் பேச்சு வந்துவிடுகிறது.

நான் சான்றிதழ் வாங்கிய சுவைஞன் இல்லை. நண்பர்களோடு உட்கார்ந்து, கிடைக்கிற கிராஃப்ட் பீர்களைத் திறந்து பார்க்கிற சாதாரண ஆசாமி. குறைவாக ஊற்றுவது, இரண்டிரண்டாக வைத்து ருசிப்பது என்ற பழக்கம்தான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகம் கற்றுக்கொடுத்தது. கீழே வரும் படிகள் எல்லாமே அதைச் சுற்றித்தான்.

சட்டப்படி குடிக்கும் வயது வந்தவர்களுக்கும், உடல்நலக் காரணம் எதுவும் தடுக்காதவர்களுக்கும் மட்டுமே இது. ருசி பார்க்கும் நாளில் வண்டியைத் தொட வேண்டாம். சின்ன கிளாஸ்தானே என்ற நினைப்பு பலரை ஏமாற்றும். 9.5% ஆல்கஹால் உள்ள டிரிப்பல் என்ற வலுவான பெல்ஜிய பீரை 150 மில்லி குடிப்பதும், ஸ்டவுட் என்ற கறுப்பு பீரை 4.2% அளவில் 340 மில்லி குடிப்பதும் ஆல்கஹால் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுதான். ஓர் அமர்வுக்கு நாலு பீர், ஆளுக்கு ஒவ்வொன்றிலும் 100 மில்லி என்பது என் அளவு. அதற்கு மேல் போனால் மூக்கும் நாக்கும் மழுங்கிவிடுகின்றன. பிறகு நடப்பதற்குப் பெயர் குடிப்பது, ருசிப்பது இல்லை.

படி 1: கிளாஸில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட். அடிப்படை இந்த நாலுதான். 1516-இல் பவேரியாவில் போட்ட பீர்ச் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றை மட்டுமே குறிப்பிட்டது. ஈஸ்ட் என்ற பேச்சே அதில் இல்லை. நொதிக்க வைப்பது ஓர் உயிர் என்று விளங்கியது 19-ஆம் நூற்றாண்டில்தான். ஆனால் இன்று ஒரு பீரை ருசிக்கும்போது, "இந்த வாசனை எதிலிருந்து வருகிறது?" என்ற கேள்விக்குப் பாதி நேரம் விடை ஈஸ்ட்தான்.

மால்ட் என்பது முளைக்கவைத்து உலர்த்திய பார்லி. எவ்வளவு சூட்டில் உலர்த்துகிறார்கள் என்பதில்தான் நிறமும் ருசியும் இருக்கின்றன. லேசான சூட்டில் ரொட்டி, பிஸ்கட் ருசி, கூடினால் கேரமல், நன்றாகக் கருக வறுத்தால் காபி, கசப்புச் சாக்லேட்.

ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ. அதை நீண்ட நேரம் கொதிக்கவிட்டால் அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பு இறங்கும், ஆனால் மணம் ஆவியோடு போய்விடும். கொதி முடிகிற நேரத்திலோ, ஆறிய பிறகோ போட்டால் மணம் தங்கும், கசப்பு அவ்வளவாக ஏறாது. அதனால் ஹாப்ஸ் கசப்பு வேறு, ஹாப்ஸ் மணம் வேறு. ஐபிஏ (இந்தியா பேல் ஏல் என்ற, ஹாப்ஸ் மிகுந்த வகை) என்றாலே கசப்பு என்று ஒதுக்கிவிட்டவர்கள் பலருக்குப் பிடிக்காதது அந்தக் கசப்புதான். மணம் மட்டும் தூக்கலாக இருக்கும் ஐபிஏ அவர்கள் கைக்கு வந்திருக்காது.

ஈஸ்ட்டில் இரண்டு பெரிய குடும்பங்கள், அவை தரும் பீருக்கும் அதே பெயர்கள்: ஏல், லாகர். ஏல் ஈஸ்ட் சுமார் 15 முதல் 24 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வேலை செய்து பழ வாசனைகளை விட்டுவைக்கும். லாகர் ஈஸ்ட் சுமார் 7 முதல் 13 டிகிரி குளிரில் நிதானமாக வேலை செய்யும். அதன் பீரில் மால்ட்டும் ஹாப்ஸும் மறைப்பில்லாமல் தெரியும்.

தண்ணீரையும் லேசாக எடைபோட வேண்டாம். செக் நாட்டுப் பில்சன் நகரின் தண்ணீர் மிக மென்மையானது. 1842-இல் யோசெஃப் க்ரோல் அங்கே காய்ச்சிய பொன்னிற லாகர்தான் இன்று பில்ஸ்னர் எனப்படும் வகைக்கே மூலம். இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். ஹாப்ஸின் கசப்பை அது கூர்மையாக்கும். பர்ட்டன் பேல் ஏலுக்கு, அதாவது வெளிர் நிற ஏலுக்கு, பேர் பெற்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

படி 2: வாங்கும்போது தேதியைத் தேடுங்கள்

கேன் மேல் என்ன படம் என்று பார்ப்பதற்கு முன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எப்போது அடைத்தார்கள்? ஐபிஏ, பேல் ஏல் போன்ற ஹாப்ஸ் பீர்கள் அடைத்து மூன்று மாதத்துக்குள் இருந்தால் நல்லது. பழையதானால் மணம் மங்கி, ஒருவித இனிப்புக் கசப்பு மட்டும் மிஞ்சும். அதைக் குடித்துவிட்டு "ஐபிஏ எனக்கு ஒத்துவராது" என்று முடிவுகட்டுவது அந்த வகைக்குச் செய்யும் அநியாயம்.

கேனில் வெளிச்சம் துளியும் புகாது. பாட்டில் என்றால் பழுப்பு நிறம் ஓரளவு காக்கும். பச்சையும் நிறமில்லாததும் காக்காது. இதன் விளைவைக் கண்ணெதிரே பார்க்க ஒரு சோதனை உண்டு, படி 7-இல் வருகிறது.

லேபிளில் ஐபியு என்று ஓர் எண் இருக்கலாம். கசப்புப் பொருளின் அளவு அது. அந்த எண்ணைப் பார்த்து மட்டும் கசப்பைக் கணிக்க முடியாது. 60 ஐபியு உள்ள இம்பீரியல் ஸ்டவுட் (ஆல்கஹால் மிகுந்த ஸ்டவுட்), மிஞ்சிய மால்ட் இனிப்பு தாங்கிப்பிடிப்பதால், 38 ஐபியு உள்ள வறண்ட, அதாவது இனிப்பு மிஞ்சாத, பில்ஸ்னரைவிடக் கசப்புக் குறைவாகத் தோன்றும். ஆல்கஹால் சதவீதம்தான் லேபிளில் எனக்கு நிஜமாகவே உதவும் எண். எவ்வளவு ஊற்றலாம், எந்த வரிசையில் குடிக்கலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

படி 3: கிளாஸும் குளிரும்

விலையுயர்ந்த கிளாஸ் தேவையில்லை. வாய் கொஞ்சம் குறுகி, வயிறு அகன்ற ஒயின் கிளாஸே போதும், வாசனையைப் பிடித்து வைக்கும். ஆனால் ஒரே அமர்வில் எல்லாப் பீருக்கும் ஒரே வடிவக் கிளாஸ் இருக்கட்டும். வடிவம் மாறினால் வாசனையின் அளவும் மாறி ஒப்பீடு கெட்டுவிடும்.

சுத்தம் ரொம்ப முக்கியம். எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பு மிச்சமும் நுரையைக் கொன்றுவிடும். ஊற்றிய பீரில் கிளாஸின் உள்சுவரில் குமிழிகள் அங்கங்கே ஒட்டிக்கொண்டு நின்றால் அந்த இடம் அழுக்கு என்று அர்த்தம். சுத்தமான கிளாஸில் குடிக்கக் குடிக்க நுரை வளையம் வளையமாகச் சுவரில் படியும்.

குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே ருசி பார்க்காதீர்கள். அந்தக் குளிரில் வாசனைப் பொருள்கள் மேலே எழாது. லாகர், கோதுமை பீருக்கு 4 முதல் 7 டிகிரி, பேல் ஏல், ஐபிஏவுக்கு 7 முதல் 10, ஸ்டவுட்டுக்கும் வலுவான பெல்ஜிய ஏலுக்கும் 10 முதல் 13 டிகிரி என்பது தோராயக் கணக்கு. வெப்பமானி வைத்துக்கொண்டு அலைய வேண்டாம். வலுவான கறுப்பு பீரை முதலில் வெளியே எடுத்து வைத்துவிட்டு, லேசானதில் ஆரம்பித்தால் அதன் முறை வரும்போது பதமாக இருக்கும். ஒரு இம்பீரியல் ஸ்டவுட்டை அரை மணி நேரம் கையில் வைத்து உட்கார்ந்து பாருங்கள். ஆரம்பத்தில் வெறும் கருகல். குளிர் இறங்க இறங்க சாக்லேட், உலர் திராட்சை, கடைசியில் மதுவின் கதகதப்பு. ஒரே கிளாஸ்தான், ஆனால் மூன்று தனித் தனிக் குறிப்பு எழுதலாம்.

படி 4: ஊற்றுங்கள், பாருங்கள்

கிளாஸைச் சாய்த்து ஊற்றி, பாதிக்கு மேல் நிமிர்த்துங்கள். இரண்டு விரல் நுரை நிற்கட்டும். நுரை வீண் என்று தட்டிவிடுபவர்கள் வாசனையைத்தான் தட்டிவிடுகிறார்கள்.

கண்ணால் பார்ப்பதை நான் சுருக்கமாகவே முடித்துக்கொள்வேன். நிறம், தெளிவு, நுரை நிற்கிறதா, அவ்வளவுதான். நிறத்தை வைத்து வலுவை எடைபோடக் கூடாது. கறுப்பாக நிற்கும் கின்னஸ் டிராஃப்ட் 4.2%, வைக்கோல் நிறத்தில் அப்பாவியாக மின்னும் டூவெல் 8.5%. கலங்கல் என்றால் குறை என்றும் இல்லை. கோதுமையும் ஓட்ஸும் சேர்த்த ஹேஸி ஐபிஏ பழச்சாறு போலக் கலங்கித்தான் இருக்க வேண்டும்.

படி 5: மூக்குக்கு நேரம் கொடுங்கள்

ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. அதனால் குடிப்பதற்கு முன் இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

முதலில் கிளாஸை மூக்கருகே கொண்டுவராமல், ஒரு சாண் தூரத்தில் இப்படியும் அப்படியும் கடத்திப் பாருங்கள். அங்கேயே ஏதாவது எட்டுகிறதா? பிறகு லேசாகச் சுழற்றி, குட்டி குட்டியாக இரண்டு மூன்று முறை முகருங்கள். ஒரே இழுப்பில் நெஞ்சு முட்ட இழுத்தால் மூக்கு சீக்கிரம் மரத்துவிடும். மரத்துப்போனால் உங்கள் முழங்கை மடிப்பையோ சட்டைக் கையையோ முகர்ந்துவிட்டு வாருங்கள். பழகிய வாசனை, மூக்கு மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். அன்றைக்கு சென்ட் அடிக்காமல் இருப்பதும் எல்லோருக்கும் நல்லது.

என்ன வாசனை என்று தெரியாமல் முழிப்பது எல்லோருக்கும் நடக்கும். அப்போது பெரிய கூடையிலிருந்து சின்னக் கூடைக்கு இறங்குங்கள். பழமா, பூவா, தானியமா, கருகலா, மசாலாவா, மண்ணா? பழம் என்றால் எலுமிச்சைக் குடும்பமா, மாம்பழம் போன்ற கனிந்த பழமா, உலர்ந்த பழமா? எலுமிச்சைக் குடும்பம் என்றால் தோலா, சாறா? மூன்றாவது கேள்விக்குள் ஏதோ ஒரு பெயர் வந்துவிடும். வரவில்லை என்றால் "பழம், ஏதோ ஒன்று" என்று எழுதிவிட்டு நகருங்கள். அடுத்தவர் சொன்னதைக் கேட்டு "ஆமா, ஆமா, அதேதான்" என்பது மட்டும் வேண்டாம். யாராவது அன்னாசி என்று சொல்லிவிட்டால் அடுத்த நிமிடம் மேசையில் எல்லோருக்கும் அன்னாசி வாசனை வந்துவிடும். எல்லோரும் எழுதி முடிக்கும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் கூட்டத்தில் இருக்கும் ஒரே கண்டிப்பான விதி.

படி 6: வாய்

முதல் வாயைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது நாக்கைத் தயார்ப்படுத்த. இரண்டாவது வாயை நாக்கு முழுக்கப் பரவவிட்டு, விழுங்கி, வாயை மூடி மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். தொண்டையிலிருந்து மூக்குக்கு ஏறும் அந்தக் காற்றில்தான் வெளியே முகர்ந்தபோது கிடைக்காத வாசனைகள் வரும். இந்த ஒரு மூச்சை விட்டுவிட்டால் பாதிப் பீரைத் தவறவிட்டதுபோல.

பிறகு வரிசையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் பட்டது இனிப்பா, கசப்பா, புளிப்பா? நடுவில் என்ன வந்தது? விழுங்கிய பிறகு எது தங்குகிறது, எவ்வளவு நேரம்? நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளியில் பார்த்த வரைபடத்தை மறந்துவிடுங்கள். அது தவறு என்று எப்போதோ தெரிந்துவிட்டது. எல்லா ருசியும் நாக்கு முழுக்கத் தெரியும்.

கசப்பையும் துவர்ப்பையும் பிரித்துப் பார்ப்பது பழக்கத்தில் வரும். கசப்பு ஒரு ருசி. துவர்ப்பு வாயின் உள்தோலைச் சுருக்கி வறளவைக்கும். ஹாப்ஸை அளவுக்கு மீறிப் போட்ட சில ஐபிஏக்களில் தொண்டையில் தூள் ஒட்டினாற்போல ஓர் உறுத்தல் இருக்கும், அதைப் பலர் கசப்பு என்றே எழுதிவிடுகிறார்கள்.

கடைசியாக, வாயில் அதன் கனம். தண்ணீர் போல ஓடுகிறதா, பால் போலவா, பாகு போலவா? குமிழி குத்துகிறதா, வருடுகிறதா? நைட்ரஜன் கலந்து ஊற்றும் ஸ்டவுட் வழுவழுவென்று இருப்பதற்குக் காரணம், நைட்ரஜன் பீரில் எளிதில் கரையாமல் மிக நுண்ணிய குமிழியாக வெளியேறுவதுதான். பீர் கெட்டி என்று அதை நினைத்துக்கொள்கிறோம். சர்க்கரையைப் பார்த்தால் மெல்லியதாகத்தான் இருக்கும்.

ஒரு பீருக்கும் அடுத்ததற்கும் நடுவில் வெறும் தண்ணீர். உப்பு, மசாலா இல்லாத ரொட்டித் துண்டு இருந்தால் இன்னும் நல்லது. ஹாப்ஸ் கசப்பு வாயில் சேர்ந்துகொண்டே போகும். அதனால் வரிசையை நிறத்தை வைத்துப் போடாமல் வலுவை வைத்துப் போடுங்கள்: லேசானது முதலில், கசப்பும் கருகலும் ஆல்கஹாலும் மிகுந்தது கடைசியில்.

இப்போது ஜோடிகளுக்கு வருவோம். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கேள்விதான். அதற்கு விடை கிடைத்தால் அன்றைய வேலை முடிந்தது.

*பில்ஸ்னரும் ஹெஃபவைட்சனும்: ஈஸ்ட் என்ன செய்கிறது?* இரண்டும் வெளிர் நிறம், இரண்டும் 5% சுற்றளவு. பில்ஸ்னரில் ரொட்டி, மூலிகை வாடையுள்ள ஹாப்ஸ், சுத்தமான கசப்பு. ஹெஃபவைட்சன் என்ற ஜெர்மானியக் கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும். இரண்டையும் யாரும் அதில் போடவில்லை. வாழைப்பழ வாசனை ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டரிலிருந்தும், கிராம்பு வாசனை ஒரு பீனாலிலிருந்தும் வருகிறது, இரண்டையும் உண்டாக்குவது அந்த ஈஸ்ட். ஜெர்மனியின் ஃப்ரைசிங்கில் இருக்கும் வைன்ஸ்டெஃபானின் ஹெஃபவைஸ்பியர் இதற்கு நல்ல மாதிரி. ஊற்றும்போது முக்கால் பாட்டிலை ஊற்றிவிட்டு நிறுத்தி, முதல் கிளாஸை வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைப் பாட்டிலோடு மெதுவாகச் சுழற்றினால் அடியில் படிந்த ஈஸ்ட் புகைபோலக் கிளம்பும். அதை இரண்டாவது கிளாஸில் ஊற்றுங்கள். முதலாவது கொஞ்சம் தெளிவு, ருசியில் மெலிவு. இரண்டாவது கலங்கல், மாவு போன்ற கனம். ஒரே பாட்டிலில் ஒரு ஜோடி கிடைத்துவிட்டது.

*அமெரிக்கப் பேல் ஏலும் ஹேஸி ஐபிஏவும்: கசப்பும் மணமும் எங்கே பிரிகின்றன?* சியரா நெவாடா என்ற அமெரிக்க ப்ரூவரி 1980-இல் கொண்டுவந்த பேல் ஏல், காஸ்கேட் என்ற ஹாப்ஸின் பம்ப்ளிமாஸ் வாசனையை ஊரறியச் செய்தது. 1965-இல் ஃப்ரிட்ஸ் மேடேக் நொடிந்துகொண்டிருந்த ஆங்கர் ப்ரூவரியில் பங்கு வாங்கியது, 1976-இல் ஜாக் மெக்காலிஃப் சொனோமாவில் நியூ ஆல்பியன் ப்ரூவரியைத் தொடங்கியது என்று வரிசையாக வந்த அமெரிக்கக் கிராஃப்ட் பீர் அலையில் அது ஒரு திருப்பம். அந்தப் பீரில் கசப்பு முதுகெலும்பாக நிற்கும். வெர்மான்ட்டில் தி ஆல்கெமிஸ்ட் காய்ச்சிய ஹெடி டாப்பர் வழியாகப் பரவிய ஹேஸி பாணியில் ஹாப்ஸ் பெரும்பாலும் கடைசியில்தான் சேர்கிறது. மாம்பழம், பீச் என்று மூக்கில் பழக்கடையே விரியும், வாயில் மென்மை, கசப்பு பின்னால் எங்கோ. இரண்டையும் அடுத்தடுத்துக் குடித்தால் ஹாப்ஸ் மணம் வேறு, கசப்பு வேறு என்பதற்கு விளக்கமே தேவைப்படாது. என் சொந்தக் கருத்து: ஹேஸி முதல் கிளாஸுக்கு அபாரம், இரண்டாவது கிளாஸில் திகட்டும். பேல் ஏலுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

*வறண்ட ஸ்டவுட்டும் டிரிப்பலும்: கண் எவ்வளவு ஏமாற்றுகிறது?* இதை விருந்தினருக்குக் கொடுத்து முகத்தைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. கறுப்புதான் லேசு, பொன்னிறம்தான் பலம். வெஸ்ட்மால் டிரிப்பல் 9.5%. அதில் சாதாரணச் சர்க்கரையும் சேர்கிறது; ஈஸ்ட் அதை முழுக்கத் தின்றுவிடுவதால் பலம் ஏறும், வாயில் கனம் ஏறாது.

*கோஸாவும் கூஸும்: புளிப்பு ஒன்றுதானா?* எனக்கு மிகப் பிடித்த ஜோடி, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். கோஸா ஜெர்மனியின் கோஸ்லாரில் பிறந்து லைப்சிக்கில் வளர்ந்த கோதுமை பீர். உப்பும் மல்லி விதையும் சேர்ப்பார்கள். புளிப்பு லாக்டிக் அமிலத்தினுடையது, தயிரில் இருப்பதும் அதேதான்: நேரானது, மென்மையானது, சட்டென்று முடிந்துவிடும். இன்றைய ப்ரூவர்கள் பலர் கொதிகலனிலேயே லாக்டோபாசிலஸ் பாக்டீரியாவை விட்டு ஓரிரு நாளில் புளிக்கவைத்துவிடுகிறார்கள்.

கூஸ் அப்படி அவசரத்துக்கு வராது. பிரஸ்ஸல்ஸைச் சுற்றிய பகுதியில், கொதித்த சாற்றை அகன்ற ஆழமற்ற தொட்டியில் இரவு முழுக்கத் திறந்து வைத்து ஆறவிடுவார்கள். காற்றிலும் மரத்திலும் இருக்கும் நுண்ணுயிர்கள் தாமாகவே வந்து இறங்கும். கோடையில் வேண்டாத கிருமிகள் அதிகம் என்பதால் குளிர் மாதங்களில்தான் காய்ச்சுவார்கள். ஹாப்ஸ்கூட வேண்டுமென்றே பழசாக்கியது. கசப்பும் மணமும் அதில் மங்கியிருக்கும், பீர் கெடாமல் காக்கும் குணம் மட்டும் போதும். இப்படித் தானாக நொதிக்கும் பீருக்கு லாம்பிக் என்று பெயர். பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்த லாம்பிக்கில் ஒன்று, இரண்டு, மூன்று வருடத்தைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் கூஸ். பிரஸ்ஸல்ஸின் கான்டியோன் 1900-இலிருந்து இதைச் செய்கிறது. முகர்ந்தால் முதலில் வைக்கோல், ஈரத் தோல், பழைய மரம். குதிரை லாயம் என்று சொல்பவர்களும் உண்டு, பாராட்டாகத்தான். பிறகு எலுமிச்சை, பச்சை ஆப்பிள். புளிப்பு அலையாக வந்து, எலும்பு வரை வறண்டு முடியும். கோஸாவுக்குப் பிறகு இதைக் குடித்தால், புளிப்பிலும் ஆழம் என்று ஒன்று உண்டு என்று தெரியும். கூஸுக்குப் பிறகு கோஸாவைக் குடிக்காதீர்கள், உப்புத் தண்ணீர் மாதிரி இருக்கும்.

படி 7: குறையை அடையாளம் காணுங்கள்

பிடிக்காதது வேறு, கெட்டது வேறு. இவற்றைத் தெரிந்துவைத்தால் போதும். உருகிய வெண்ணெய் வாசனை: டைஅசிட்டைல், ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன் அவசரப்பட்டதாலோ குழாய் அழுக்காலோ வரும். சிலருக்கு இந்த வாசனை எட்டவே எட்டாது. உங்கள் மேசையில் அதற்கு மூக்கு உள்ள ஒருவர் இருந்தால் அவர் பேச்சைக் கேளுங்கள். வேகவைத்த மக்காச்சோளம்: டைமெத்தில் சல்ஃபைடு, வெளிர் லாகரில் லேசாக இருந்தால் பாதகமில்லை. அறுத்த பச்சை ஆப்பிள்: பெரும்பாலும் முதிராத பீர். நனைந்த அட்டைப்பெட்டி: ஆக்சிஜன் புகுந்து பழசானது. ஒரு வகைக்குக் குறையாவது இன்னொரு வகைக்கு அலங்காரமாகவும் இருக்கலாம். ஹெஃபவைட்சனில் பெருமைப்படும் கிராம்பு பில்ஸ்னரில் வந்தால் ப்ரூவருக்குத் தூக்கம் போய்விடும்.

வெளிச்சத்தால் கெடுவதை நீங்களே செய்து பார்க்கலாம். ஹாப்ஸ் நன்றாக உள்ள ஒரு பேல் ஏல் கேனைத் திறந்து இரண்டு நிறமில்லாக் கிளாஸில் ஊற்றுங்கள். ஒன்றை அலமாரிக்குள் வையுங்கள், மற்றதை நேர் வெயிலில். பத்து நிமிடம் கழித்து இரண்டையும் முகருங்கள். வெயிலில் நின்றதில் ரப்பர் கருகினாற்போல ஒரு காட்டமான நெடி. பீரிலுள்ள ரைபோஃப்ளேவின் ஒளியை உறிஞ்சி, ஹாப்ஸின் கசப்புப் பொருளை உடைத்து, கந்தகம் உள்ள ஒரு சேர்மத்தை உண்டாக்குகிறது. மனித மூக்கு அதை நம்ப முடியாத அளவு நுண்ணிய செறிவிலும் பிடித்துவிடும். பச்சை பாட்டில் பீர்களில் பலரும் "அந்த பிராண்டின் ருசி" என்று நினைத்துக்கொண்டிருப்பது சில சமயம் இந்த நெடிதான்.

படி 8: எழுதுங்கள், ஆனால் கொஞ்சமாக

பீர் நடுவர்களுக்கான பிஜேசிபி அமைப்பின் மதிப்பெண் தாள் 50-க்கு. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயுணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. கண்ணுக்குக் கொடுப்பது வெறும் 3 என்பதைக் கவனியுங்கள். வீட்டில் நமக்கு மதிப்பெண்ணே தேவையில்லை. நான் நாலு வரி எழுதுவேன்: பெயரும் அடைத்த தேதியும், மூக்கில் பட்ட முதல் மூன்று சொல், விழுங்கியபின் தங்கியது எது, பக்கத்தில் இருந்த பீரைவிட இது எதில் மாறுபடுகிறது. அந்த நாலாவது வரிதான் பிறகு படிக்கும்போது பயன்படும். 5-க்கு 4.25 என்று எழுதி வைத்த பீர் என்ன ருசி என்று அடுத்த மாதம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. "பில்ஸ்னரைவிட இனிப்பு, ஆனால் அதைவிடச் சீக்கிரம் மறைந்தது" என்றால் நாக்கில் திரும்ப வரும்.

படி 9: மூன்று கிளாஸ் சோதனை

கொஞ்சம் பழகியதும் லேபிளை மறைத்துப் பாருங்கள். ஒரே வகையில் இரண்டு பீர், உதாரணமாக இரண்டு பில்ஸ்னர். ஒருவர் உள்ளே போய் மூன்று கிளாஸில் ஊற்றிக்கொண்டு வரட்டும்: இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மற்றது. எது தனி என்று கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு, அதனால் ஒருமுறை சரியாகச் சொன்னதும் காலரைத் தூக்க வேண்டாம். மூன்று சுற்றிலும் தொடர்ந்து சரி என்றால், வெறும் அதிர்ஷ்டத்துக்கு அது 27-இல் 1.

நிறம் காட்டிக்கொடுத்துவிடும் என்றால் கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள், அல்லது ஒளி புகாத டம்ளரில் ஊற்றுங்கள். கண்டுபிடித்ததோடு நிறுத்தாமல் எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டத்தில் ரொம்பப் பேசுகிறவர் இந்தச் சோதனையில் அமைதியாகிவிடுவதும், "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஒதுங்கி நின்றவர் பட்டென்று சொல்லிவிடுவதும் நான் பார்த்திருக்கிறேன்.

படி 10: சிலவற்றை எடுத்து வையுங்கள்

பெரும்பாலான பீர் வாங்கியவுடன் குடிக்க வேண்டியது. பில்ஸ்னர், பேல் ஏல், ஐபிஏ, ஹெஃபவைட்சன் எதையும் சேமிக்காதீர்கள். 8 சதவீதத்துக்கு மேற்பட்ட இம்பீரியல் ஸ்டவுட், பார்லிவைன் (ஆல்கஹால் மிகுந்த ஓர் ஏல்), பெல்ஜிய வலுவான கறுப்பு ஏல் ஆகியவையும், அவ்வளவு வலு இல்லாவிட்டாலும் கூஸும் காத்திருப்பைத் தாங்கும்.

காலத்தை ருசிக்க மிக நல்ல பாட்டில் ஆர்வால், 6.2%. பெல்ஜியத்தில் டிராப்பிஸ்ட் துறவிகளின் மடத்தில் காய்ச்சுவது. அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டைச் சேர்க்கிறார்கள். அது பாட்டிலுக்குள்ளேயே மிச்சச் சர்க்கரையை மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருக்கும். புதிதாகக் குடித்தால் ஹாப்ஸ் மணம், ஆரஞ்சுத் தோல், சுத்தமான கசப்பு. ஒரு வருடம் போனால் ஹாப்ஸ் அடங்கி, பதனிட்ட தோலும் மண்ணும் வைக்கோலும் மேலே வரும், வாயில் இன்னும் வறண்டிருக்கும். லேபிளில் அடைத்த தேதி இருக்கும். ஒன்றைப் புதிதாகவும் ஒன்றைப் பழையதாகவும் பக்கத்தில் வைத்தால், இந்த வழிகாட்டியிலுள்ள எல்லா ஜோடிகளிலும் இதுதான் சிறந்தது, ஏனென்றால் இரண்டும் ஒரே பீர்.

இரண்டையும் ஒரே நாளில் வாங்கினால் ஒன்றை இப்போது குடித்துக் குறிப்பெழுதிவிடுங்கள். அடுத்த வருடம் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம். வைத்த பாட்டிலைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள், ஈஸ்ட் அடியில் படியட்டும். 12 முதல் 15 டிகிரி, இருட்டு, ஆட்டம் அசைவு இல்லாத இடம். திறக்கும்போது மெதுவாக, பாட்டிலுக்குள் ஈஸ்ட் வேலை செய்துகொண்டே இருந்ததால் அழுத்தம் அதிகம், நுரை பொங்கி மேசை முழுக்க ஓடிவிடும்.